எபிசோட் 37: பெர்லின் சரக்கு விமானமும் சென்னை நைட் ஷிஃப்ட்டும்



இந்த எபிசோடை ஒரு கோடில் இருந்து ஆரம்பிக்கலாம். புரோகிராமர் எழுதுற கோட் இல்ல. சிஓ-16 என்று ஒரு கோட். கேட்டுட்டு இருக்கறவங்கள்ல யாராவது மெடிக்கல் பில்லிங்ல ஏஆர் காலரா இருந்தா, இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை, நோயாளிக்குப் பார்த்த வைத்தியத்துக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கிறது. அதுக்குப் பேர் கிளைம். 'இதில் ஏதோ தகவல் குறைகிறது, அல்லது பில்லில் தப்பு இருக்கிறது' என்று சொல்லி அந்த நிறுவனம் பணம் தர மறுக்கும்போது போடுகிற குறியீடுதான் சிஓ-16. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்ம ஆட்கள் அந்தக் கோடைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்குப் போன் போட்டு, 'சார், என்ன தகவல் குறையுது?' என்று கேட்கிறார்கள்.

எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி இதுதான். கிளைமை அனுப்பினது ஒரு கம்ப்யூட்டர். வாங்கினது ஒரு கம்ப்யூட்டர். மறுத்துப் பதில் எழுதினதும் கம்ப்யூட்டர். மூணும் முடிஞ்ச பிறகு நடுவில் ஒரு மனிதர் எதுக்குப் போன் பண்ணணும்?

நான் சம்பளம் வாங்குறதும் இந்த மாதிரி வேலைக்குத்தான். ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேரை இன்னொரு கம்பெனியின் சாஃப்ட்வேரோடு பேச வைப்பது. இன்டக்ரேஷன் என்று சொல்வாங்க. வீட்டில் கேட்டால் 'மெக்கானிக்கல் படிச்சான், இப்ப கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்' என்பார்கள். அதுவும் சரிதான். இந்த 'ஏதோ'வின் வரலாறு 1948-இல், கம்ப்யூட்டரே இல்லாத ஒரு இடத்தில் தொடங்குகிறது.

1948 ஜூன் 24. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வருஷம். பெர்லின் நகரம் பிரிந்து கிடக்கிறது; அதைச் சுற்றி இருக்கும் நிலம் முழுக்க சோவியத் வசம். மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், படகு வழி எல்லாவற்றையும் சோவியத் அடைத்துவிட்டது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மிச்சம் இருந்தது வானம் மட்டும். அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்திலேயே ஒரு நகரத்துக்குச் சோறு போட முடிவு செய்தார்கள். 1949 செப்டம்பர் வரை சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் தடவை விமானங்கள் பறந்தன. போய்ச் சேர்ந்த சரக்கு 23 லட்சம் டன். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி! விமானத்தில் நிலக்கரி ஏற்றினார்கள் என்பதை யோசிச்சுப் பாருங்க.

உச்சக்கட்டத்தில் சில நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. விமானம் வந்துவிடுகிறது, காகிதம் வருவதில்லை. வந்தாலும் ஒவ்வொரு இடத்தில் இருந்தும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. சரக்குப் பட்டியல்களின் வடிவமும் வேறு, மொழியும் வேறு, எத்தனை நகல் என்பதும் வேறு. எதில் என்ன இருக்கு, யாருக்குப் போகணும் என்று தேடிக்கொண்டிருந்தால் அடுத்த விமானம் தலைக்கு மேல் வட்டம் போடும்.

அங்கே இருந்த எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட்டும் அவருடைய சகாக்களும் செய்தது, பார்த்தால் ரொம்பச் சின்ன விஷயம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு சரக்குப் பட்டியல் வடிவம். எந்தத் தகவல் எந்த வரிசையில் வரும் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிட்டாங்க. அப்படி முடிவான பிறகு அதை டெலக்ஸில் அனுப்பலாம், ரேடியோவில் அனுப்பலாம், போனில் வாயாலேயே சொல்லலாம். கொண்டுபோகிற கம்பி எதுவாக இருந்தாலும் பட்டியல் மாறாது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மொத்த ஐடியாவும் இந்த ஒரு இடத்திலேயே இருக்கு. பிறகு வந்த 75 வருஷமும் அதைக் காப்பாத்த முடியாமல் திணறின கதைதான்.

ராணுவ வேலை முடிந்து கில்பர்ட் டூபாண்ட் என்ற பெரிய ரசாயன நிறுவனத்தில் சேர்ந்தார். 1960-களில் டூபாண்டுக்கும் அதன் சரக்கை ஏற்றிச் செல்லும் கெமிக்கல் லீமன் என்ற டேங்கர் லாரி நிறுவனத்துக்கும் இடையே, சரக்கு விவரங்களைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்ப ஒரு வடிவத்தை அமைத்தார். 1968-இல் ரயில், லாரி, கப்பல், விமான நிறுவனங்கள் சேர்ந்து டிரான்ஸ்போர்ட்டேஷன் டேட்டா கோஆர்டினேட்டிங் கமிட்டி என்று ஒன்றைத் தொடங்கியபோது அதற்குப் பின்னால் நின்றதும் அவர்தான். 1975-இல் அவர்களுடைய முதல் தொகுப்பு வெளியானது. 1979-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாக எக்ஸ்12 என்ற குழுவை அமைத்தது. மொத்தமாக இதற்குப் பெயர் ஈடிஐ. ஐக்கிய நாடுகள் அமைப்பு 1980-களில் எடிஃபாக்ட் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்: அதில் எந்தச் செய்தியின் பெயரும் சரியாக ஆறு எழுத்துதான் இருக்கணும். ஆங்கிலத்தில் இன்வாய்ஸ் என்று எழுத ஏழு எழுத்து வேண்டும். அதனால் கடைசி எழுத்தைத் தூக்கிட்டாங்க. இன்னைக்கும் உலகம் பூரா அந்த வால் அறுந்த இன்வாய்ஸ்தான் ஓடிட்டு இருக்கு.

எக்ஸ்12 செய்தி ஒன்றை முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஃபைல் கெட்டுப்போச்சு என்றுதான் தோணும். எழுத்து, நட்சத்திரக்குறி, எண், நட்சத்திரக்குறி, அப்புறம் திடீர்னு ஒரு வளைகோடு. ஆனால் அது சுத்தமாக யோசித்துச் செய்தது. ஒவ்வொரு ஃபைலும் ஐஎஸ்ஏ என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். அந்த முதல் வரி எப்போதும் துல்லியமாக 106 எழுத்து. யார் அனுப்புகிறார், யாருக்கு, எந்தத் தேதி என்பதெல்லாம் அளந்து வைத்த இடத்தில் இருக்கும். அதில் நான்காவது எழுத்து எதுவோ அதுதான் தகவல்களைப் பிரிக்கும் குறி. 106-ஆவது எழுத்து எதுவோ அதுதான் வரி முடியும் குறி. அதாவது, இந்த ஃபைலை எப்படிப் படிக்கணும் என்பதை ஃபைலே முதல் வரியில் சொல்லிவிடுகிறது. ஒரு எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அனுப்பிய காலத்தில் எழுதியது, இல்லையா? வீண் எழுத்து ஒன்றுகூட இருக்காது. செய்திகளுக்கும் பெயர் கிடையாது, எண்தான். பொருள் வாங்கும் ஆர்டர் 850. இன்வாய்ஸ் 810. மருத்துவ கிளைம் 837. அதற்குப் பணம் வந்த விவரம் 835.

வடிவம் பொதுவானால் நடுவில் ஆள் வேண்டாம் என்றுதானே நினைப்போம்? இங்கேதான் கதை வேற பக்கம் போகுது.

முதல் பிரச்சினை, கம்பி யாருடையது என்பது. அமெரிக்கன் ஹாஸ்பிட்டல் சப்ளை என்று ஒரு கம்பெனி. மருத்துவமனைகளுக்குக் கையுறை, ஊசி, பஞ்சு விற்பவர்கள். 1976-இல் ஏசாப் என்ற ஆர்டர் சிஸ்டத்தைக் கொண்டுவந்து, மருத்துவமனைகளிலேயே டெர்மினலை வைத்தார்கள். ஸ்டோர்கீப்பர் உட்கார்ந்த இடத்திலேயே ஆர்டர் போடலாம். எவ்வளவு வசதி! ஆனால் அந்த டெர்மினலில் அவர்களுடைய பொருளைத்தான் வாங்க முடியும். மேனேஜ்மென்ட் படிப்புகளில் இதைத் தொழில்நுட்பத்தால் சந்தையைப் பிடித்த சாதனையாகப் பாடம் நடத்துகிறார்கள். மருத்துவமனை பக்கம் இருந்து பாருங்க. போட்டிக் கம்பெனியும் ஒரு டெர்மினல் கொண்டுவந்தால் மேசையில் ரெண்டு பெட்டி. மூணாவது கம்பெனிக்கு மூணாவது பெட்டி.

இரண்டாவது, கணக்கு. 200 மருத்துவமனைகள், 50 காப்பீட்டு நிறுவனங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் நேரடியாக இணைந்தால் 10,000 இணைப்பு. நடுவில் ஒருவர் நின்று, எல்லோரும் அவரோடு மட்டும் இணைந்தால் 250. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நேரடியாக இணைகிறேன் என்று எந்த எஞ்சினியரும் சொல்ல மாட்டார். அதனால் 70-களிலும் 80-களிலும் நடுவில் தபால் நிலையம் மாதிரி நெட்வொர்க் கம்பெனிகள் வந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தபால் பெட்டி. ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.

மூன்றாவதுதான் எனக்குச் சோறு போடுவது. வட்டார வழக்கு. மதுரையிலும் தமிழ்தான் பேசறாங்க, நாகர்கோவிலிலும் தமிழ்தான். ஆனால் ஒரு வார்த்தைக்கு ரெண்டு ஊரிலும் ஒரே அர்த்தம் என்று நம்பிப் போனால் மாட்டிக்குவீங்க. எக்ஸ்12-இலும் அப்படித்தான். 'இந்தத் தகவலைச் சூழ்நிலையைப் பொறுத்துக் கொடுக்கலாம்' என்று விதிப் புத்தகத்தில் நிறைய இடத்தில் இருக்கும். அந்தச் சூழ்நிலையை யார் முடிவு செய்வது? பெரிய ஆள்தான். ஒவ்வொரு பெரிய நிறுவனமும் 'எங்களுக்கு அனுப்பினால் இப்படித்தான் அனுப்பணும்' என்று ஒரு துணைக் கையேடு வைத்திருக்கும். எண்ணின் முன்னால் சைபர் போடணுமா கூடாதா என்பதில் இருந்து அதில் இருக்கும். பொது விதி ஒன்று, கையேடு ஐம்பது. சின்ன கிளினிக் எந்தக் கையேட்டைப் படிக்கும்? படிக்காது. நடுவில் இருக்கும் ஆளுக்குக் காசு கொடுத்து, 'நீயே பார்த்துக்கோப்பா' என்றுவிடும்.

இப்ப மருத்துவக் காப்பீட்டுக்கு வருவோம். 90-களில் அமெரிக்காவில் கிளைமை எலக்ட்ரானிக்காக அனுப்ப சுமார் 400 விதமான வடிவங்கள் புழக்கத்தில் இருந்ததாக அரசாங்கமே சொன்னது. 1996 ஆகஸ்ட்டில் ஹிப்பா சட்டம் வந்தது. ஹிப்பா என்றால் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் சட்டம் என்றுதான் இங்கே டிரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். அதில் இன்னொரு பாதி இருக்கு. எலக்ட்ரானிக் கிளைம் அனுப்பினால் ஒரே தரநிலையில்தான் அனுப்பணும் என்று கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான். 2003 அக்டோபரில் இருந்து எக்ஸ்12 நடைமுறைக்கு வந்தது. தனியார் குழு எழுதிய ஒரு ஃபைல் வடிவத்தை ஒரு நாடு சட்டமாகப் போடுவது அடிக்கடி நடக்கும் விஷயம் இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகளைப் படிச்சா ஒரு சுவாரசியம் இருக்கு. சட்டம் மூன்று தரப்பைக் கட்டுப்படுத்துகிறது: மருத்துவம் பார்ப்பவர், காப்பீடு தருபவர், அப்புறம் கிளியரிங்ஹவுஸ். கிளியரிங்ஹவுஸ் என்றால், தரநிலைக்கு ஒத்துவராத தகவலை வாங்கித் தரநிலைக்கு மாற்றித் தருபவர், அல்லது அதைத் திருப்பிச் செய்பவர். அதாவது, எல்லோரும் ஒரே மொழி பேசுங்க என்று உத்தரவு போட்ட அதே சட்டம், எல்லோரும் பேச மாட்டாங்க என்று தெரிந்து மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டது. அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. யதார்த்தமான முடிவுதான். ஆனால் நடு ஆளின் இடம் அங்கே உறுதியானது.

நம்ம ஊர் நைட் ஷிஃப்ட் இந்தச் சங்கிலியில்தான் வளர்ந்தது. மருத்துவர் எழுதியதைக் கோடாக மாற்றுவது ஒரு டீம். அதை எண்ட்ரி போட்டு 837-ஆக அனுப்புவது ஒரு டீம். கிளியரிங்ஹவுஸ் திருப்பி அனுப்பினால் அது ரிஜெக்ஷன். அதைச் சரி பண்ண ஒரு டீம். காப்பீட்டு நிறுவனம் வரை போய் மறுக்கப்பட்டால் அது டினையல். அதற்குத்தான் ஏஆர் காலர். 835-இல் வந்த பணத்தைக் கணக்கில் ஏற்ற இன்னொரு டீம். சிஓ-16, சிஓ-18, சிஓ-29 என்று ராத்திரி பூரா புழங்கும் இந்தக் குறியீடுகளின் பட்டியலைப் பராமரிப்பதும் எக்ஸ்12 அமைப்புதான்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. சிஓ-16 போட்டால் கூடவே ஒரு குறிப்புக் கோடும் போட்டாகணும், எது குறைகிறது என்று சொல்வதற்காக. நல்ல விதி. நடைமுறையில் அடிக்கடி கூட வருவது எம்ஏ130. அதன் அர்த்தம் என்ன தெரியுமா? 'உங்கள் கிளைமில் தகவல் முழுமையாக இல்லை அல்லது செல்லாது.' தகவல் குறையுது. என்ன குறையுது என்றால், தகவல் குறையுது! வடிவம் நூத்துக்கு நூறு சரி. எந்த வேலிடேட்டரில் போட்டாலும் பாஸ் ஆகும். அர்த்தம் மட்டும் வந்து சேரவில்லை. அந்த அர்த்தத்தைக் கேட்டு வாங்கத்தான் சென்னையில் இருந்து போன் போகுது. அந்த வேலைக்கு 'வாய்ஸ் ப்ராசஸ்' என்று ஒரு பெயர், பி.பி.ஓ. என்று கொஞ்சம் இளக்காரம். என் கணக்குப்படி அது இன்டக்ரேஷன் எஞ்சினியரிங்கில் சாஃப்ட்வேர் செய்ய முடியாத பாதி.

நடுவில் எக்ஸ்எம்எல் வந்தது, ஈடிஐ இனி செத்துப்போகும் என்றார்கள். இபிஎக்ஸ்எம்எல் என்று ஐ.நா. அமைப்பும் சேர்ந்து 2001 வரை பெரிய தொகுப்பே எழுதினார்கள். 2002-இல் வால்மார்ட் தன் சப்ளையர்களைப் பார்த்து இன்டர்நெட் வழியாகவே அனுப்புங்க என்றது. ஏஎஸ்2 என்று அந்த முறைக்குப் பெயர். தபால் பெட்டிக் கட்டணம் மிச்சமானது. ஆனால் அந்த இன்டர்நெட் கவருக்குள்ளே போனது அதே பழைய 850, 810-தான். இன்றைக்கு ஏபிஐ என்று பேசுகிறோம். அதுவும் கவர்தான், கடிதம் இல்லை. இதை என் டீமில் சொன்னால் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

சரி, 2024 பிப்ரவரி 21.

சேஞ்ச் ஹெல்த்கேர் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய கிளியரிங்ஹவுஸ்களில் ஒன்று. வருஷத்துக்கு 1,500 கோடி பரிவர்த்தனைகள் அதன் வழியாகப் போயின. அதை 2022 அக்டோபரில் வாங்கியது யுனைடெட்ஹெல்த் குழுமம். நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் அதே குழுமத்தில்தான். போட்டி நிறுவனங்களின் கிளைம் விவரமெல்லாம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்று அமெரிக்க நீதித்துறை அந்த விற்பனையைத் தடுக்க வழக்கே போட்டது. 2022 செப்டம்பரில் தோற்றது. மருத்துவமனை மேசையில் இருந்த அந்த ஒரே கம்பெனி டெர்மினல் ஞாபகம் இருக்கா? கம்பி யாருடையது என்ற அதே கேள்விதான், இந்த முறை நாடு அளவில்.

ரேன்சம்வேர் கும்பல் உள்ளே புகுந்தது. திருடப்பட்ட ஒரு லாகின், ரிமோட்டாக உள்ளே நுழையும் ஒரு போர்ட்டல், அதில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. இதை அந்தக் குழுமத்தின் தலைவரே மே மாதம் நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னார். 2.2 கோடி டாலர் பிணைப்பணம் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டார். தாக்குதல் தெரிந்ததும் சிஸ்டத்தைத் துண்டித்தார்கள். அவ்வளவுதான், 837 போகவில்லை, 835 வரவில்லை. சில மருந்துக் கடைகளில் காப்பீடு செல்லுமா என்று பார்க்க முடியாமல், நோயாளிகள் கையில் இருந்து முழுக் காசு கட்டினார்கள். அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் மார்ச்சில் எடுத்த கணக்கெடுப்பில் 94 சதவீத மருத்துவமனைகள் பண ரீதியாக அடிபட்டதாகச் சொன்னன. 74 சதவீதம் நோயாளிகளின் சிகிச்சையே பாதிக்கப்பட்டதாகச் சொன்னன. மருத்துவரும் இருந்தார், நோயாளியும் இருந்தார், காப்பீட்டு நிறுவனத்தில் பணமும் இருந்தது.

காலேஜில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் அப்போது ஒரு பில்லிங் கம்பெனியில் டீம் லீட். "பேட்ச் பேட்ச்சா கிளைம் ரெடியா இருக்குடா, அனுப்பத்தான் வழி இல்ல" என்றான். வேற கிளியரிங்ஹவுஸுக்கு மாறிடலாமே என்று கேட்டேன். வெளியில் இருந்து கேட்க ஈஸியாத்தான் இருக்கும். மாற வேண்டும் என்றால் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திலும் புதிதாகப் பதிவு செய்யணும். படிவம், கையெழுத்து, காத்திருப்பு. அவர்கள் டீமுக்கு உண்மையான பயம் சிஓ-29. குறிப்பிட்ட நாளுக்குள் கிளைம் வரவில்லை என்று மறுக்கும் கோட். சில காப்பீட்டு நிறுவனங்களில் அந்தக் கெடு 90 நாள்தான். பத்து பேர் வேலை செய்யும் ஒரு கிளினிக்குக்கு இரண்டு மாதம் பணம் வராவிட்டால் சம்பளம் போட முடியாது. அந்த கிளினிக்கை நம்பி இங்கே நாலு பேர் ராத்திரி முழிச்சிருக்காங்க.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிளியரிங்ஹவுஸ் மாற விரும்பும் மருத்துவமனைகளின் பதிவைச் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றும், காகிதத்தில் கிளைம் வந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் மெடிகேர் ஒப்பந்ததாரர்களுக்குச் சொன்னது. காகிதம்! 1948-இல் விமானத்தைப் பிடிக்க முடியாமல் பின்தங்கி நின்றது எதுவோ, அதுதான் கடைசியில் கைகொடுத்தது.

இதையெல்லாம் அமெரிக்கா கதை என்று விட்டுவிட முடியாது. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் இங்கே 2020 அக்டோபர் 1-இல், 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்குக் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட்டில் 5 கோடிக்கு வந்தது. இந்த முறையில் வரும் ஒவ்வொரு இன்வாய்ஸும் அரசு சொன்ன ஒரே வடிவத்தில் போர்ட்டலுக்குப் போய், 64 எழுத்து எண் வாங்கி வரணும். எக்ஸ்12-க்கு எத்தனையோ வருஷம் எடுத்த ஒற்றுமை இங்கே மூணு வருஷத்தில் நடந்தது. துணைக் கையேடு என்ற பேச்சுக்கே இடம் இல்லை, அது பெரிய விஷயம். தொடக்கத்தில் பதிவு செய்ய ஒரே ஒரு போர்ட்டல்தான். 2023-இல் வேறு சில தனியார் நிறுவனங்களுக்கும் போர்ட்டல் நடத்த அனுமதி கொடுத்தார்கள். வடிவம் ஒன்று, வழி பல. கில்பர்ட் பெர்லினில் செய்ததுக்கு இது கிட்ட வருது என்று எனக்குத் தோணுது.

மருத்துவக் காப்பீட்டுக்கும் இப்போது தேசிய சுகாதார ஆணையமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து, நேஷனல் ஹெல்த் கிளைம்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கின்றன. மருத்துவமனை ஒரு பக்கம், காப்பீட்டு நிறுவனம் ஒரு பக்கம், நடுவில் அது. உங்க அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ண 'இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரணும்' என்று சாயங்காலம் வரை உட்கார வைக்கிறாங்களே, அந்த நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம். நல்லபடியா வரட்டும். அது வளரும்போது நான் ரெண்டு விஷயத்தைக் கவனிச்சுட்டு இருப்பேன். அது ஒரு நாள் முழுக்க நின்றுபோனால் கிளைம் போக இன்னொரு பாதை இருக்கா? மறுத்தால், என்ன குறையுது என்று சொல்லி மறுக்குமா, இல்ல எம்ஏ130 மாதிரி ஒன்றைச் சொல்லுமா?

மெடிக்கல் பில்லிங்ல இருக்கறவங்க, 2024 பிப்ரவரியில உங்க ஃப்ளோர்ல என்ன நடந்ததுன்னு எழுதி அனுப்புங்க. கம்பெனி பேர், கிளையன்ட் பேர் எதுவும் வேண்டாம். அடுத்த எபிசோடுல விமான டிக்கெட் பக்கம் போறோம்: சேபர் சிஸ்டம், டிராவல் ஏஜென்ட் மேசையில் வந்த டெர்மினல்கள், அந்தத் திரையில் யாருடைய விமானம் முதல் வரியில் வரணும் என்று நடந்த சண்டை.